ஓநாய் சொன்ன கதை

‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ வெளிவந்தது 2013 செப்டம்பரில். அதற்குப் பிறகு நான்கைந்து முறை பார்த்திருப்பேன். வகுப்பில் கதைசொல்லல் பற்றிப் பேசும்போது அந்த மயானக் காட்சியை உதாரணமாகச் சொல்வது என் வழக்கம். போன வருடம் ஒரு மழைநாளில் அடி அண்ணாமலையில் என் வீட்டுக் கூடத்தில் அதை இன்னொருமுறை பார்த்தேன். கூட உட்கார்ந்து பார்த்தவர் எங்கள் தெரு அக்கா. கிரிவலப் பாதையில் மோரும் சுண்டலும் விற்கிறவர். அன்று மழையால் வியாபாரம் இல்லை.

மயானக் காட்சி வந்தது. மிஷ்கின் நடித்த ‘உல்ஃப்’ என்கிற கூலிக்கொலையாளி, சிறுமி கார்த்திக்கு ஒரு கதை சொல்கிறான். ஓநாய், ஆட்டுக்குட்டி என்று விலங்குகளை வைத்துச் சொல்கிற குழந்தைக் கதை. தவறுதலாக ஒரு ஆட்டுக்குட்டியைக் கொன்றுவிட்ட ஓநாய், மனம் தாங்காமல், அந்த ஆட்டுக்குட்டியின் பார்வையில்லாத குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளப் போன கதை. தன் கதைதான். நீண்ட ஷாட், இறுகிய குரல். எனக்கு வழக்கம்போலத் தொண்டை அடைத்தது.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “இவனே சொல்லிக்கிறானே டீச்சரம்மா. அந்தப் புள்ளைய பெத்தவ இன்னா சொன்னா?”

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வருவது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இரவில் தெருவில் குண்டடிபட்டுக் கிடக்கிற ஒருவனை மருத்துவ மாணவன் சந்துரு தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறான். சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். வீட்டுக்கே கொண்டுபோய், பேராசிரியரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றிவிடுகிறான். விடிந்தால் ஆள் இல்லை; போலீஸ்தான் வருகிறது. காப்பாற்றியவனையே அவனைச் சுடுவதற்கு அனுப்புகிறது. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் பழைய முதலாளி தம்பாவின் ஆட்கள். நடுவில் பார்வையற்ற ஒரு குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறான் ஓநாய். பாட்டே கிடையாது. இளையராஜாவின் இசை மட்டும் ராத்திரி முழுக்கக் கூடவே நடக்கிறது. தமிழில் குற்றப்படம் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்த படங்களில் ஒன்று என்று நான் இன்றும் சொல்வேன். அந்த மரியாதை இருப்பதால்தான் அதோடு சண்டை போடுகிறேன்.

ஏன் பார்வையற்ற குடும்பம்? இரக்கத்துக்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உலக சினிமாவில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஜான் வூவின் ‘தி கில்லர்’, 1989, ஹாங்காங். சௌ யுன் ஃபாட் நடித்த கூலிக்கொலையாளியின் துப்பாக்கி வெளிச்சத்தில் ஒரு கேளிக்கை விடுதிப் பாடகியின் கண் போகிறது. குற்றவுணர்வில் அவளைத் தேடிப் போய்ப் பழகுகிறான். அவள் கண் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கக் கடைசியாக ஒரு கொலைக்கு ஒப்புக்கொள்கிறான். தன்னைக் குருடாக்கியவன்தான் தன்னிடம் அன்பாகப் பேசுகிறான் என்பது வெகுநேரம் அவளுக்குத் தெரியாது. முடிவில் அவன் கண்களும் போக, இருவரும் ஒருவரையொருவர் தேடித் தரையில் தவழ்ந்து, தொடாமலேயே கடந்துபோகிறார்கள். மறக்க முடியாத காட்சி. ஆனால் படம் முழுக்க அவளுடைய பார்வையின்மை அவனுக்குத்தான் வசதியாக இருந்திருக்கிறது. அவள் அவனைப் பார்த்து, “நீயா?” என்று கேட்க முடியாது.

மனம் திருந்துகிற கொலையாளிக்கு மிகவும் பயமான பொருள் பாதிக்கப்பட்டவளின் கண். அந்தக் கண்ணைக் கதை முதலிலேயே மூடிவிட்டால், பிறகு அவன் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். மிஷ்கினின் படத்தில் அந்தத் தாய் ஊமையல்ல. பேசுகிறார், பயப்படுகிறார், ஓடுகிறார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவராகப் பேச அவருக்கென்று ஒரு காட்சி இல்லை. கொன்றவனுக்கு மயானமும் கதையும் கிடைத்திருக்கின்றன. மார்ட்டின் மெக்டொனாவின் ‘இன் புரூஜஸ்’ (2008) இதைவிடக் கஞ்சத்தனம். தேவாலயத்தில் தவறுதலாக ஒரு சிறுவனைச் சுட்டுவிட்ட கொலையாளி படம் முழுக்கச் சாகத் துடிக்கிறான். அந்தச் சிறுவனைப் பெற்றவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூட நமக்குக் காட்டப்படுவதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். பிராயச்சித்தம் என்பதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: கழுவாய். கழுவுவதிலிருந்து வந்தது. புறநானூற்றின் 34ஆம் பாட்டில், ஆலத்தூர் கிழார், எந்தப் பாவத்துக்குக் கழுவாய் உண்டு, எதற்கு இல்லை என்று பட்டியல் போடுகிறார். பசுவின் மடியை அறுத்தவனுக்கு உண்டு. பெண்ணின் கருவைச் சிதைத்தவனுக்கும் உண்டு. செய்ந்நன்றி கொன்றவனுக்கு மட்டும் இல்லை. பாடம் நடத்தும்போது செய்ந்நன்றியின் பெருமை என்று சொல்லிவிட்டுப் பல வருடம் கடந்து போயிருக்கிறேன். ஒரு மாணவிதான் நிறுத்திக் கேட்டாள்: “அப்போ கரு கலைஞ்ச பொண்ணுகிட்ட யார் மேடம் கேட்டாங்க?” யாரும் கேட்கவில்லை. அறுபட்ட மடியும் சிதைந்த கருவும் செய்தவனின் கணக்கில் கழுவக்கூடிய கறைகள். சோறு போட்ட தலைவனுக்குச் செய்த துரோகம் கழுவவே முடியாதது. தம்பாவின் ஆட்கள் ஓநாயைத் துரத்துவதும் இந்தச் சட்டத்தின்படிதான். கூட்டத்தை விட்டுப் போனவனைக் கூட்டம் மன்னிக்காது. அவன் கொன்ற பிள்ளையின் வீடுதான் அவனை உள்ளே விட வேண்டும்.

இப்போது அக்காவின் கதை. அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக, மலையைச் சுற்றியுள்ள பதினான்கு கிலோமீட்டர் பாதையை ஒட்டிய மானாவாரி நிலமெல்லாம் மனைகளாயின. கடலை போட்ட காட்டுக்கு விலை வந்தது. விலையோடு தகராறும் வந்தது. அக்காவின் புருஷன் அதில் போனார். வெட்டியவனுக்கு அவரோடு எந்தப் பகையும் இல்லை. யாரோ காசு கொடுத்தார்கள். வழக்கு நடந்தது. கொலை வழக்கில் வாதி அரசுதான் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும்; அக்காவுக்கு அது கோர்ட்டு வாசலில் தெரிந்தது. தாலியறுத்த பெண் அங்கே அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒரு எண். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

அவன் சிறையிலிருந்து வந்தான். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். ஒருநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“கால்ல வுழுந்துட்டான். எழுந்திருடா சாமின்னு சொல்லாம இன்னா பண்றது? நாலு பேரு பாக்கறாங்க. சொன்னேன். அவன் எழுந்து கண்ண தொடைச்சிக்கினு போயிட்டான். நான் அங்கயே குந்திட்டேன். சாயந்தரம் வரைக்கும் அடுப்பு பத்த வெக்கல.”

இதை மன்னிப்பு என்று ஊர் சொல்கிறது. அவன் விழுந்த கணத்தில் அக்காவின் வாயில் இருக்கக்கூடிய எல்லாச் சொற்களும் ஒன்றாகிவிட்டன: எழுந்திரு. வேறு எதைச் சொன்னாலும் கல்நெஞ்சக்காரி. விழுகிற உடம்புக்கு இருக்கிற அதிகாரத்தை நம் அரசியல் மேடைகள் நமக்குக் காட்டியிருக்கின்றன. ஆனால் அது ஒரு விதவையின் வாசலில் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் அன்றுதான் யோசித்தேன்.

எங்கள் ஊருக்கு இது புதிதுமல்ல. திருவண்ணாமலையே ஒரு மனம் திருந்திய ஆணின் ஊர். பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதர் பெண் பித்தனாய்ச் சொத்தழித்து, நோயில் விழுந்து, வெறுத்துப்போய் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த செவிவழிக் கதை. 1964இல் டி. எம். சௌந்தரராஜன் நடித்துப் படமாகவும் வந்தது. கதையில் ஒரு அக்காள் இருக்கிறாள். தம்பிக்காகத் தன் வாழ்வை விட்டுக்கொடுத்தவள். கொடுக்கக் காசு தீர்ந்த நாளில், பெண்தானே வேண்டும், நானும் பெண்தானே என்று சொன்னவள். அந்தச் சொல்தான் அவரைக் கோபுரத்துக்கு ஏற்றியது. அவருக்கு முருகனும் திருப்புகழும் கிடைத்தன. குதித்த இடத்தில் சன்னிதி இருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு அந்தப் பெண் வீட்டுக்குள் போய் என்ன செய்தாள்? கதை அவளை அங்கேயே விட்டுவிடுகிறது. அவள் பெயரைக்கூட ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்.

நம் மரபில் எல்லாக் கதையும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனுநீதிச் சோழன் கதையில் வழக்கைத் தொடங்குவது கன்றை இழந்த தாய்ப்பசு. அது வந்து மணியை இழுக்கிறது. இளவரசன் மனம் வருந்தியதாகப் பெரியபுராணம் சொல்லும். அந்த வருத்தம் மணியோசையை நிறுத்துவதில்லை. பாண்டியன் அவையில் நின்று கண்ணகி தன் ஊரை அறிமுகப்படுத்தும்போது அந்த மாட்டைத்தான் சாட்சிக்கு அழைக்கிறாள். எனக்கு ஒரு பசுவிடம் பொறாமையாக இருக்கிறது. (தேரேற்றிச் சாகடிக்கும் நீதியில் எனக்கு ஒப்புதல் இல்லை. மணியை மட்டும் கேட்கிறேன்.)

பௌத்தத்தின் அங்குலிமாலன் கதையையும் பாதியில் நிறுத்தியே சொல்கிறோம். விரல்மாலை போட்ட கொலைகாரன் புத்தரைப் பார்த்தான், திருந்தினான், சுபம். பாலி சூத்திரத்தில் கதை அதற்கு அப்பாலும் போகிறது. பிட்சை எடுக்கப் போனவன் மீது கல்லும் கட்டியும் வந்து விழுகின்றன. தலை உடைந்து, பிச்சைப் பாத்திரம் உடைந்து, ரத்தம் வழியத் திரும்பி வருகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். எறிந்தவர்களைக் கண்டிக்கவில்லை. திருந்தியவனுக்கும் கல் விழும். அந்தக் கல்லை எறிய ஊருக்கு உரிமை உண்டு என்று அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். “நாலு பேரு பாக்க கல்லு வுட்டாங்களா? பரவால்லியே” என்றார்.

நம் சினிமாவில் அந்தக் கல்லைக் கையில் எடுத்தவர்கள் மிகக் குறைவு. ‘நாயகன்’ (1987) சாருமதியை அந்தக் குறைவானவர்களில் ஒருத்தியாகச் சொல்வேன். இன்ஸ்பெக்டர் கேல்கரைக் கொன்ற வேலு நாயக்கர் அந்தக் குடும்பத்துக்கு உதவுகிறார். அதைப் பெருந்தன்மையாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அப்பாவின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டு வீட்டைவிட்டுப் போகிற மகளைத் திமிர்பிடித்தவள் என்று என் அப்பா தியேட்டரிலேயே திட்டினார். நானும் அப்போது அப்பா பக்கம்தான்.

ஆனாலும் மிஷ்கின் படத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டாத ஒன்று இருக்கிறது. அவனுடைய வருத்தம் வேலையாக இருக்கிறது. ஓநாய் சாமி கும்பிடவில்லை, உண்டியலில் போடவில்லை. கண் தெரியாதவர்களின் கையைப் பிடித்து நடத்துகிறான், தூக்குகிறான், பயந்த குழந்தைக்குக் கதை சொல்கிறான். பெண்கள் கூலியில்லாமல் காலம் காலமாகச் செய்கிற வேலைகளை ஒரு கொலைகாரனின் கைகள் அவசர அவசரமாகக் கற்றுக்கொள்கின்றன. கழுவாய் என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரிதான் இருக்க முடியும். என் குறை, அந்த வேலையை அவனிடம் வாங்கிக்கொள்ளலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற ஒரு நிமிடத்தைப் படம் அந்தத் தாய்க்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான். ஒரே நிமிடம். ‘வராதே’ என்று அவள் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அதை எடுக்க இன்னும் துணிச்சல் வேண்டும்.

அக்கா வீட்டு வாசலில் விழுந்தவன் இப்போது பௌர்ணமிதோறும் அன்னதானம் போடுகிறான். பந்தல், சீரியல் விளக்கு, பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம். அக்காவின் கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். “நான் எதுக்கு மாறணும்?” என்று கேட்டுவிட்டார்.

போன மாதம் பௌர்ணமியன்று நான் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பந்தலிலிருந்து கையில் தட்டோடு வந்த ஒருவர், சாப்பிட்டது காரம் என்று மோர் கேட்டார். அக்கா பானையில் கரண்டியை விட்டுக் கலக்கி, டம்ளர் விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார். காசை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“இன்னா டீச்சரம்மா, உங்களுக்கும் ஒண்ணு ஊத்தவா?” என்றார்.