'அந்த நாள்': ராஜன் பக்கம் நின்ற நான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1954-ல் வந்த படத்தின் முடிவை இந்தப் பதிவில் உடைக்கப் போகிறேன். எழுபது வருஷம் ஆன ரகசியம்தான், இருந்தாலும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்கு (உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கம்) போயிருந்தபோது, மாட்டுப் பொங்கல் ராத்திரி லேப்டாப்பை டிவியில் மாட்டி 'அந்த நாள்' போட்டேன். பார்த்தது நாலு பேர்: அத்தை, பெரியப்பா மகன், பிளஸ் டூ படிக்கிற அண்ணன் பொண்ணு, நான். படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. அன்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதைச் சுருக்கம். 1943 அக்டோபர் 11, சென்னைமேல் ஜப்பான் விமானம் குண்டு போட்ட நாள். அதை ஒட்டி வானொலி இன்ஜினியர் ராஜன் (சிவாஜி) தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறான். படமே அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது. சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் விசாரிக்க வருகிறார். இந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்தின் எழுத்தாளரும். பக்கத்து வீட்டுச் சின்னையா, ராஜனின் தம்பிமேல் சந்தேகம் என்கிறார். தம்பி தன் மனைவியைக் காட்டுகிறான். அவள் ராஜனோடு தொடர்பிருந்த அம்புஜத்தைச் சொல்கிறாள். அம்புஜம் சின்னையாவைச் சொல்கிறாள். வட்டம் முடிந்தது, கொலைகாரன் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் சிவானந்தம் வாக்கெடுப்பு மாதிரி ஒன்றை நடத்தி எல்லோருடைய விரல்ரேகையையும் வாங்கிவிடுவார். குடவோலைக் கல்வெட்டு இருக்கிற தாலுகாக்காரனான எனக்கு அந்தக் காட்சியில் தனிச் சந்தோஷம்.

சுட்டது மனைவி உஷா (பண்டரிபாய்). காரணம், ராஜன் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிற ஒற்றன்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலே இரண்டு விஷயம் வரும். ஒன்று, பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். அதை இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர் என்பதுதான் வேடிக்கை. பாட்டும் நடனமும் எதிர்பார்த்து வந்த அன்றைய ரசிகர்களுக்கு ஏமாற்றம், ஏவி.எம்முக்கு முதல் வெளியீட்டில் வசூல் இல்லை. பாராட்டும் தேசிய விருதுச் சான்றிதழும் மட்டும் வந்தன. இரண்டாவது, "இது ரஷோமோன் காப்பி". இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குரோசவா படத்தில் உண்மை எது என்று கடைசிவரை முடிவாகாது. இங்கே முடிவாகிறது. பல பேர் வாயால் ஒரே சாவு என்கிற உத்தியை எடுத்துக்கொண்டு, பாலசந்தர் வேறு கேள்வி கேட்கிறார்.

அந்தக் கேள்வி "யார் கொன்றது?" இல்லை. "செத்தவன் யார்?" என்பதுதான்.

இரண்டாம் தடவை பார்த்தால் இது புரியும். முதல் தடவை நாம் சாட்சி சொல்பவர்களின் முகத்தையே நோண்டிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் சொல்கிற கதை ஒவ்வொன்றிலும் ராஜனைப் பற்றி ஒரு துண்டு வெளியே வருகிறது: சொத்துத் தகராறு, இன்னொரு பெண். நாம் அதையெல்லாம் 'கொலைக்கான காரணம்' என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். 'இவன் ஆள் எப்படி?' என்ற பெட்டியைத் திறப்பதே இல்லை. செத்தவன்மேல் பரிதாபம், அதுவும் சிவாஜி வேறு! திருப்பம் திறமையானது என்பதைவிட நேர்மையானது என்பேன். உஷாவின் அழுகைகூடப் பொய் இல்லை. கணவனை நேசித்தவளும் அவள்தான், துப்பாக்கி பிடித்தவளும் அவள்தான். திரும்பப் பார்க்கும்போது அந்த முகம் ஏமாற்றவில்லை என்பது தெரிகிறது.

இனி தீர்ப்புகளுக்கு வருகிறேன்.

அண்ணன் பொண்ணு: "பொண்டாட்டின்னு தெரிஞ்சிடுச்சு சித்தப்பா. யாரும் சந்தேகப்படாத ஆள்தானே எப்பவும்." இந்தக் காலத்துப் பிள்ளைகள் திருப்பத்தை மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் ராஜன் ஒற்றன் என்பதை அவளும் கண்டுபிடிக்கவில்லை.

பெரியப்பா மகன் பிடித்தது நல்ல இடம். "வெள்ளைக்காரன் ஆட்சிதானே அது? அவனுக்குத் துரோகம் பண்ணா எப்படிடா தேசத்துரோகம்?" யோசிக்க வேண்டிய கேள்வி. சென்னையில் குண்டு விழுந்த பத்தாம் நாள், 1943 அக்டோபர் 21, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார், ஜப்பான் துணையோடு. மலேயாத் தோட்டங்களில் இருந்த நம் தமிழர்கள் எத்தனையோ பேர் அவர் படையில் சேர்ந்தார்கள். படம் இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. இதை நான் குறையாகத்தான் சொல்வேன். ராஜனை ரகசியம் விற்கிறவனாகக் காட்டியதால் உஷாவுக்கு வாதம் சுலபமாகிவிட்டது. போஸை நம்பி ஜப்பான் பக்கம் போன ஒருவனாக அவன் இருந்திருந்தால், அவள் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?

நான் எப்போதுமே ராஜன் பக்கம். அவனுடைய ஆராய்ச்சியை இங்கே யாரும் மதிக்கவில்லை, ஜப்பான்காரன் மதித்தான். பிஇ படித்தவன் எவனுக்கும் இந்த இடம் சுருக்கென்று குத்தும். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், ஒரு கம்பெனியில் எட்டு மாசம் உழைத்துப் போட்ட என் டிசைனை ஒரே மீட்டிங்கில் ஓரங்கட்டினார்கள். அந்த வாரமே போட்டிக் கம்பெனி ஆள் ஒருத்தர், "அந்த டாக்குமென்ட்டைச் சும்மா ஒரு பார்வை பார்க்கலாமா?" என்றார். மெயில் எழுதி, ஃபைலை இணைத்து, ஒரு ராத்திரி முழுக்க டிராஃப்டில் வைத்திருந்தேன். அனுப்பவில்லை. ஒழுக்கத்தால் இல்லை, பயத்தால். அதனால் அன்றைக்கும் சொன்னேன், "மதிக்காத ஊருக்கு அவன் ஏன் விசுவாசமா இருக்கணும்?"

அதுவரை வாயே திறக்காத அத்தை சொன்னது: "படிச்சவன்தானே தம்பி அவன்? குண்டு எவன் தலையில விழும்னு தெரியாதா?"

அத்தை பிறந்தது சுதந்திரத்துக்கு அப்புறம். ஆனால் அவர் அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம் என்று ஜப்பான் குண்டு விழ ஆரம்பித்ததும் பட்டணம் காலியானதே, அப்போது எங்கள் வீட்டுத் திண்ணையிலும் மெட்ராஸ் குடும்பம் ஒன்று இரண்டு மாசம் இருந்ததாம். கைக்குழந்தையோடு வந்தார்களாம். அத்தைக்கு ராஜன் விற்றது 'ரகசியம்' இல்லை, அந்தத் திண்ணையில் இருந்தவர்கள்.

பெரியப்பா மகன் கேள்விக்கும் பாதி பதில் இதில் இருக்கிறது. அரசாங்கம் வெள்ளைக்காரனுடையது. குண்டு விழுவது நம் ஆட்கள் மேல். படம் பேச்சாகச் சொல்லத் தடுமாறிய இடத்தை அத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார். என் கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. டிசைனை மதிக்காதது அந்த மேனேஜர். டாக்குமென்ட் போயிருந்தால் அடி விழுந்திருப்பது என் டீமில் இருந்த ஆறு பேருக்கு. அந்த ராத்திரி அவர்கள் ஒருத்தர் முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

நாலு சாட்சி சொன்னதும் ராஜனைப் பற்றி என்று நினைத்தோம். பாதிக்கு மேல் அவரவரைப் பற்றித்தான். நாங்கள் நாலு பேர் சொன்னதும் அப்படியே. இன்னமும் இந்தப் படம் உயிரோடு இருப்பது அதனால்தான்.

பார்த்தவர்கள் சொல்லுங்கள், ராஜனை நீங்கள் எந்த இடத்தில் கைவிட்டீர்கள்? எனக்கு நாலு தடவை பார்க்க வேண்டியிருந்தது.