எடை பார்க்கும் கை

ஆரணிப் பட்டுத் தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளைகளிலும் ஒரு நிமிஷம் உட்கார முடியாதவர்கள் உண்டு. 'வாலு', 'அடங்காதவன்' என்று பெயர் வைத்துவிடுவோம். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடும் இருக்கிறது. பள்ளிக்கு வரும் குழுவில் செவிலியருக்கும் இடமுண்டு.

என் மனம் நிற்பது செவிலியரின் நுணுக்கத்தில்தான். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை பசியைக் குறைக்கும். அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். "காலையில நாலு இட்லி உள்ளே போகட்டும்மா, அப்புறம் மாத்திரை" என்று தாயிடம் சொல்ல வேண்டும். பையனிடம் கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் உடனே பாராட்டு.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துவார். குனிந்து, நுனியைத் தேடியெடுத்து முடிச்சிடுவார். பட்டைத் திட்டுவதில்லை.