கிளவுட் ரன்: ஆள் வந்தால் மட்டும் விழிக்கும் சர்வர்

வெப் ஆப் எழுதி முடிப்பது பாதி வேலை. அதை நாலு பேர் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது மீதி. ஆப் ஹோஸ்டிங் சேவையான ஹெரோக்கு 2022 நவம்பரில் தன் இலவசத் திட்டத்தை நிறுத்தியபோது, சின்ன ஆப்களை அங்கே வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அப்படித் தேடுகிறவர்களுக்கு இருக்கும் வழிகளில் ஒன்று, 2019இல் வந்த கூகுளின் கிளவுட் ரன். புத்தகப் பட்டியல் காட்டும் ஃபிளாஸ்க் ஆப் ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்தேன்.

கிளவுட் ரன் நம்மிடம் கேட்பது ஒரு கன்டெய்னர் இமேஜ். நம் கோட், பைத்தான், தேவையான லைப்ரரிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதைக்கூட நாமே கட்ட வேண்டியதில்லை. சோர்ஸ் இருக்கும் ஃபோல்டரில் நின்று டிப்ளாய் கட்டளை கொடுத்தால், இமேஜைக் கட்டி, ஆர்ட்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரியில் சேர்த்து, எச்டிடிபிஎஸ் முகவரியோடு ஓடவிடுகிறது. டாக்கர்ஃபைல் இல்லாவிட்டாலும் பில்ட்பேக் சமாளித்துக்கொள்கிறது. மும்பை, டெல்லி இரண்டும் ரீஜியன் பட்டியலில் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஆப் எந்த போர்ட்டில் காத்திருக்க வேண்டும் என்பதை 'போர்ட்' என்ற என்விரான்மென்ட் வேரியபிள் சொல்லும், வழக்கமாக 8080. லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்கும்படி எழுதியிருந்தால் டிப்ளாய் தோற்றுவிடும், 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும். இமேஜை எம் வரிசை மேக்கில் தாங்களே கட்டுகிறவர்கள் லினக்ஸ் ஏஎம்டி64 என்று குறிப்பிட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கன்டெய்னர் கிளம்பவே கிளம்பாது.

இதன் பெரிய பலம், யாரும் வராதபோது இன்ஸ்டன்ஸ் (ஓடும் கன்டெய்னர்) எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்குவது. அந்த நேரத்துக்கு சிபியு, மெமரிக் கட்டணம் கிடையாது. மாதத்துக்கு 20 லட்சம் ரிக்வெஸ்ட், 1,80,000 விசிபியு விநாடி வரை இலவசம். கூட்டம் கூடினால் இன்ஸ்டன்ஸ்கள் தாமே பெருகுகின்றன.

பலவீனமும் அதே இடத்தில்தான். தூங்கிய ஆப்பை எழுப்பும் முதல் ஆள் காத்திருக்க வேண்டும். ஃபிளாஸ்க் மாதிரி இலேசான ஆப் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் பூட் மாதிரி கனமானது என்றால் பொறுமை சோதிக்கப்படும். குறைந்தபட்சம் ஒரு இன்ஸ்டன்ஸை எப்போதும் விழித்திருக்க வைக்கலாம். ஆனால் அதற்குக் காசு.

இன்னொன்று: கன்டெய்னருக்குள் எழுதும் ஃபைல் எதுவும் நிலைக்காது. அது மெமரியைத் தின்னும், இன்ஸ்டன்ஸ் போனால் கூடவே போய்விடும். எஸ்கியூலைட்டை உள்ளே வைத்து ஓட்டலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். தனி டேட்டாபேஸ் வேண்டும். கிளவுட் எஸ்கியூஎல் எடுத்தால், ஆப் தூங்கினாலும் அதன் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பில்லில் ஆப்பின் பங்கைவிட டேட்டாபேஸின் பங்கு பெரிதாக இருப்பது இதனால்தான். பதில் அனுப்பியபின் பின்னணியில் மெயில் அனுப்புவது போன்ற வேலைகளும் வழக்கமான கட்டண முறையில் நம்பத்தக்கவை அல்ல. ரிக்வெஸ்ட் முடிந்ததும் சிபியு சுருக்கப்பட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது ரிவிஷன் வசதி. ஒவ்வொரு டிப்ளாயும் தனி ரிவிஷனாக நிற்கிறது. புதியதற்கு 10 சதவீத டிராஃபிக் மட்டும் விட்டுப் பார்க்கலாம். சரிவராவிட்டால் பழையதற்கே திருப்பிவிடலாம்.

இலவச அளவுக்குள் இருந்தாலும் பில்லிங் கணக்கு திறந்தாக வேண்டும். பட்ஜெட் அலர்ட் எச்சரிக்கை தருமே தவிர, செலவை நிறுத்தாது. அதனால் முதல் நாளே அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையைக் குறைத்து வையுங்கள்.

எப்போதாவது ஆள் வரும் ஆப், ஏபிஐ, வெப்ஹுக் என்றால் கிளவுட் ரன்னைத் தயங்காமல் எடுக்கலாம். நாள் முழுக்க ஒரே சீராக டிராஃபிக் இருந்தால், அல்லது டேட்டாபேஸையும் ஒரே இடத்தில் மலிவாக வைக்க வேண்டுமானால், மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் எடுப்பதே கட்டுப்படியாகும்.