இரும்புச் சுவரைப் படிப்பது

எண்ணெய்த் தொட்டியின் ஆய்வு கண்ணில் தொடங்குகிறது. ஆய்வாளர் தொட்டியைச் சுற்றி மெதுவாக நடக்கிறார். பெயின்டில் எழும்பிய கொப்புளம், வெல்டிங் ஓரத்தில் வழிந்த செம்பழுப்புக் கறை, சுவர் அடித்தகட்டில் அமரும் விளிம்பில் தேங்கிய ஈரம் என ஒவ்வொன்றிலும் பார்வை நின்று நகர்கிறது. சந்தேகமான இடத்தைச் சுரண்டினால், துரு செதில் செதிலாக உதிரும். அதன் அடியில் இருப்பது மேலோட்டமான அரிப்பா, ஆழமான குழியா என்பதை விரல்நுனியே முதலில் சொல்லிவிடும். பிறகு சுத்தம் செய்த பரப்பில் ஜெல் தடவி, மீயொலிக் கருவியின் முனையை வைக்கிறார்கள். ஒலி தகட்டின் மறுபக்கம்வரை போய்த் திரும்பும் நேரம், மிஞ்சியிருக்கும் கனமாகத் திரையில் தெரிகிறது. உள்ளே எண்ணெய் நிற்கும்போதே சுவரின் உட்புறத் தேய்மானத்தை வெளியிலிருந்து அறிவது உண்மையிலேயே நேர்த்தியான வேலை.

அடித்தகட்டைப் பார்க்கத் தொட்டியைக் காலிசெய்து, கழுவி, வாயுச் சோதனை முடித்துத்தான் இறங்க முடியும். அங்கே வெளிச்சம் குறைவு; பேசும் சொல் சுவரில் மோதி நெடுநேரம் ஒலிக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், நல்ல வெல்டிங் சாய்த்து அடுக்கிய நாணயங்களைப்போல் சீரான வரிகளாகத் தெரியும். அதன்மேல் சோப்புநீர் பூசி, கண்ணாடி மூடிய பெட்டியைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். கசிவு இருந்தால் நுரைக்குமிழி எழும். பார்த்து முடித்த இடத்தின்மேல் சற்றே ஏறும்படி பெட்டியை நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து செய்கிறார்கள். குமிழி எழுந்த இடத்தைச் செப்பனிட்டால், அங்கே இதே சோதனை மீண்டும் நடக்கிறது.