மலைக்கு அந்தப் பக்கத்துக் கோடு

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் துறையூர் வட்டாரம். அங்கே கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம். ஒரே மலையின் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. அதனாலேயே அவரைப் புகழ்ந்துவிட்டு நகர மனம் வரவில்லை. அவர் கை எங்கே உயர்ந்தது, எங்கே தளர்ந்தது என்று பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

சென்னைக்குப் போன ஆதிமூலம், 1850இல் தொடங்கப்பட்ட பழைய ஓவியப் பள்ளியில் படித்து 1966இல் வெளியே வந்தார். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராகவும் சிற்பி தனபால் ஆசிரியராகவும் இருந்த காலம் அது. ஐரோப்பிய நவீனத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், கோயில் சிற்பத்திலும் கோலத்திலும் கைத்தொழிலிலும் இருக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு நம் நவீனத்தைத் தேடியது அந்தத் தலைமுறை. அந்தத் தேடலில் கோட்டையே தன் முதல் மொழியாக்கிக்கொண்டவர் ஆதிமூலம்.

அவர் பெயரை ஊரறியச் செய்தவை காந்தி படங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டு வந்தபோது ஏறக்குறைய நூறு கோட்டோவியங்கள் வரைந்தார். அதற்குள் காந்தி காலண்டர் காந்தியாகவும் அலுவலகச் சுவர்க் காந்தியாகவும் உறைந்துபோயிருந்தார். ஆதிமூலம் அவரை மறுபடி உடம்புள்ள மனிதராக்கினார். நடந்து போகும் காந்தி படம் ஒன்றைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கோடு மெலிந்து, பாதத்தில் அழுந்தி நிற்கும். வற்றிய கால், அதன்மேல் ஏறிய பாரம், அந்தப் பாரத்தோடு எட்டிவைத்த அடி எல்லாம் மையின் அழுத்தத்திலேயே தெரியும். பென்சிலில் போட்டுப் பார்த்து அழிக்கிற வேலை இல்லை இது. பேனா தாளைத் தொட்டால் தொட்டதுதான். பக்கத்து மோகனூரில் பிறந்து, தூரிகை பிடித்துப் பிழைத்து, உப்புச் சத்தியாக்கிரக நடைக்குப் பாட்டெழுதிய நாமக்கல் கவிஞர் காந்தியின் நடைக்குச் சொல் கொடுத்தார். ஆதிமூலம் அதே நடைக்குக் கோடு கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும்.

காந்திக்கு நேர் எதிர்த்திசையில் நிற்பவை அவருடைய அரசர் படங்கள். காந்தி படத்தில் கோடு குறையக் குறைய மனிதர் வளர்வார். அரசர் படத்தில் கோடு கூடக்கூட மனிதர் தேய்வார். தலைப்பாகை, மாலை, சரிகை, வாள் என்று கோடுகள் பின்னிப் பின்னி ஏறும். உள்ளே ஆள் கரைந்துபோயிருப்பார். சேந்தமங்கலம் ஒரு காலத்தில் பாளையக்காரர் ஊர். நாமக்கல் பாறைமேல் கோட்டை கட்டிய ராமச்சந்திர நாயக்கர் இந்த ஊர்க்காரர் என்பார்கள். பாளையமும் பட்டமும் போய்க் கோட்டைச் சுவர் மட்டும் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படங்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய சாதனையில் முதலிடம் தரவேண்டியது பத்திரிகை வேலைக்கு என்பேன். சேலத்திலிருந்து கவிஞர் சி. மணி ‘நடை’ இதழைக் கொண்டுவந்ததும், சென்னையில் ‘கசடதபற’ இதழ் பிறந்ததும் ஓரிரு ஆண்டு இடைவெளியில்தான். கையில் காசில்லாத அந்தச் சிற்றிதழ் உலகத்துக்குள் ஆதிமூலம் மனதோடு வந்தார். மட்டமான தாளில் வண்ணம் சேறாகும். கறுப்புக் கோடு பிழைத்துக்கொள்ளும். அந்தக் குறைவையே அவர் பலமாக்கினார். பிறகு ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு வரைந்தபோது, நவீன ஓவியம் டீக்கடை பெஞ்சுக்கே வந்து சேர்ந்தது. கதையில் வந்த காட்சியை அப்படியே திரும்ப வரையாமல், எழுத்தோடு சம்பந்தி போலச் சரிசமமாக உட்கார்ந்தது அந்தப் படம். கண்காட்சிக் கூடத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஆயிரக்கணக்கான பேர் நவீனக் கோட்டைப் படிக்கக் கற்றது இப்படித்தான்.

இனி குறைகள். காந்தி நன்றாக வந்தார் என்பதே ஒரு கட்டத்தில் காந்திக்கு எதிராகத் திரும்பியது. கேட்கிறவர்கள் எல்லாம் காந்தியையே கேட்டார்கள், அவரும் வரைந்தார். திரும்பத் திரும்ப வரைந்ததில் சில படங்களில் தேடல் போய்ப் பழக்கம் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடி வட்டம், மொட்டைத் தலை, தடி: இவ்வளவு போதும், காந்தி வந்துவிடுவார். காலண்டரை உடைக்க வந்த கோடே இன்னொரு காலண்டராகும் ஆபத்து அங்கே இருக்கிறது. இரண்டாவது குறை, பார்வையின் எல்லை. காந்தி, அரசர் என்ற இரண்டு பெரும் வரிசைகளிலும் நடுவில் நிற்பது ஆண். அதிகாரத்தைத் துறந்தவரையும் அதிகாரத்தில் புதைந்தவரையும் இவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், அதிகாரத்தைச் சுமந்த பெண்ணுக்கு அப்படியொரு வரிசை தந்திருந்தால் அவர் உலகம் இன்னும் முழுமையாகியிருக்கும்.

மூன்றாவது, பின்னாளில் அவர் நெடுங்காலம் உழைத்த வண்ண அரூப ஓவியங்கள். இங்கேதான் என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. அச்சில் பார்த்தபோது அவை எனக்கு வெறும் நிறத் திட்டுகளாகத் தெரிந்தன. சென்னையில் அசலின் முன்னால் நின்ற பிறகுதான், கத்தியால் அப்பி இழுத்த வண்ணத்தின் தடிப்பும், ஒரு நிறத்தின் விளிம்பில் இன்னொரு நிறம் எட்டிப்பார்ப்பதும் தெரிந்தன. உழுத மண்ணை நினைவூட்டும் அழகு அது. ஆனாலும் எல்லாவற்றிலும் அந்த உயிர் இல்லை. கோட்டில் அவரை இழுத்துப்பிடிக்க மை, தாள், கதை என்று ஒரு கட்டு இருந்தது. வண்ணத்தில் கட்டு அவிழ்ந்தது. சில கேன்வாஸ்களில் அழகு சீக்கிரம் சம்மதித்துவிடுகிறது. தமிழ் வாசகரோடு அவர் கட்டிய பாலமும் அங்கே அறுந்தது. அந்தப் பழி முழுவதும் அவர்மேல் விழாது. அசலைப் பார்க்க வழியில்லாத ஊர்களில் நம்மை வைத்திருக்கிற ஏற்பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

2008 பொங்கல் நாளில் அவர் மறைந்தார். போன வருஷம் வகுப்பில் அவருடைய நடக்கும் காந்தியைப் பார்த்து வரையச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் கண்ணாடியில் தொடங்கினார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தாளின் அடியில், பாதத்தில் பேனாவை ஊன்றித் தொடங்கினாள். முகத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. தலையில்லாத அந்தப் படம் நடந்துகொண்டிருந்தது. ஆதிமூலத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்பதை அந்தப் பிள்ளை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.