மணப்பாடு: உப்புக்காற்றை வென்ற சுண்ணாம்பு

தமிழ்நாட்டுக் கடற்கரையில் நான் பார்த்த ஊர்களில் மணப்பாட்டுக்கு இணையே கிடையாது. தரங்கம்பாடிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் கட்டியவன் கப்பலேறிப் போனபின் அவன் கட்டடத்தைக் கரையில் இருந்த மக்களே தங்கள் சொத்தாக்கிக்கொண்ட அழகைப் பார்க்க வேண்டுமென்றால் மணப்பாட்டுக்குத்தான் போகவேண்டும்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் தாண்டி ஊருக்குள் திரும்பினால், கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்பாறைக் குன்று தெரியும். அதன் உச்சியில் வெள்ளை வெளேரென்று திருச்சிலுவைக் கோவில். ஆம், இங்கே அதைக் கோவில் என்றுதான் சொல்வார்கள். மேலே ஏறி நின்றதும் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் அலை பாறையில் மோதிச் சிதறுகிறது. மறுபக்கம் படகுகள் வரிசையாகக் கிடக்கும் அமைதியான வளைகுடா. ஒரே குன்றுக்கு இரண்டு கடல்! அங்கிருந்து இறங்க எனக்கு மனமே வரவில்லை.

1540 வாக்கில் புயலில் சிக்கிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவன், உயிர் பிழைத்தால் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து கரையில் நாட்டுவதாக நேர்ந்துகொண்டான் என்பது ஊர் சொல்லும் வரலாறு. சிலுவை நட்ட அந்த மேட்டில் 1581இல் கோவில் எழும்பியது. தஞ்சையில் நாயக்கர் ஆட்சி நடந்த காலம் அது. சென்னை என்ற நகரமே அப்போது இல்லை! இதை நினைத்துக்கொண்டு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

குன்றின் கடல் பக்கம் இறங்கினால் சவேரியார் கெபி. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தவர். அவர் தங்கி ஜெபித்த குகை இது என்கிறார்கள். அலைச்சத்தம் காதை அடைக்கும் அந்த இடத்தில், கடலை ஒட்டியே இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர்! என்னை அதைவிட அசைத்தவை அவருடைய கடிதங்கள். 1544இல் அவர் மணப்பாட்டிலிருந்து தன் தோழர் மான்சில்லாசுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. வடுகப் படைக்குத் தப்பிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிய பரதவ மீனவர்களுக்காக 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டதையும், எதிர்க்காற்று விடாததால் திரும்பியதையும் அவற்றில் எழுதியிருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பிய காற்று இன்றும் அந்த மேட்டில் வீசிக்கொண்டுதான் இருக்கிறது.

முத்துக்குளித்துறையின் ஏழூர்களில் ஒன்று மணப்பாடு. முத்துக்குளிக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில்தான் பரதவர்கள் 1530களில் போர்த்துக்கீசியரோடு சேர்ந்தார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போன பிறகும் இவர்கள் கத்தோலிக்கத்தை விடவில்லை. பாதுகாவலனாக வந்த போர்த்துக்கீசியன் போய்விட்டான், அவன் கொடுத்த கோவிலை இவர்கள் விடாமல் வைத்துக்கொண்டார்கள். பர்னாந்து என்ற குடும்பப்பெயரோடு அச்சு அசலான தமிழில் கடலைப் பற்றிப் பேசும் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இனி வீடுகள். ஐயோ, அந்த மெத்தை வீடுகள்! யாகப்பர் கோவிலும் பரிசுத்த ஆவி கோவிலும் உள்ள ஊருக்குள் நடந்தால் இலங்கை வாணிபத்தில் சம்பாதித்த பணம் எப்படிச் சுவரும் தூணுமாக மாறியது என்று கண்ணால் பார்க்கலாம். வளைவு வைத்த வாசல், மரவேலை செய்த உப்பரிகை, வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல், மாடிச்சுவரில் பூவேலை. போர்த்துக்கீசிய சாயல் இருக்கிறது, கொழும்புச் சாயலும் இருக்கிறது, நம்மூர்த் திண்ணையும் விட்டுப்போகவில்லை. ஒரு தெருவைக் கடக்க எனக்கு அரைநாள் பிடித்தது.

இந்த வீடுகளைக் காப்பாற்றுகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கடலோரத்தில் ஒரு சுவரை நூறு வருடம் நிறுத்துவது சாதாரண வேலையா? சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும், அதனால்தான் உப்புக்காற்றிலும் சுவர் தாக்குப்பிடிக்கிறது. பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் உப்பு உள்ளேயே அடைபட்டு, செங்கல் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். பழுது பார்க்க நினைக்கும் வீட்டுக்காரர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றே ஒன்று: சுண்ணாம்புக் கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், கொஞ்சம் செலவு கூடினாலும் சரி. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியாயிற்று. இந்தப் பக்கம் ஆட்கள் வரத்தான் போகிறார்கள், இடமும் விலை ஏறத்தான் போகிறது. வீடுகளைப் பற்றி இப்போதே யோசித்தாக வேண்டும்.

செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. அதற்கு முன்பிருந்தே வெளியூரில் இருக்கும் மணப்பாட்டுக்காரர்கள் வந்து சேருவார்கள், பூட்டிக் கிடந்த கதவுகள் திறக்கும், தெருவெல்லாம் விளக்கு. வீடுகளை உயிரோடு பார்க்க அதுதான் சமயம். கூட்டம் வேண்டாம், சுவர்களை நிதானமாகப் பார்க்கவேண்டும் என்றால் தை மாசத்துக் காலைவெயிலில் போங்கள். யார் வீட்டு வாசலிலாவது நின்று மரியாதையாகக் கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். எனக்குக் காட்டினார்கள், காப்பியும் கொடுத்தார்கள். கிளம்புமுன் ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி ஒன்றை வாங்கி, வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கி அதில் போட்டுக்கொண்டு வாருங்கள்.