விரல்நுனிப் பயிற்சி

சீனாவில் அக்குபஞ்சர் பயில்பவரின் ஊசி முதலில் இறங்குவது, மெல்லிய தாள்களை மடித்து அடுக்கி நூலால் இறுகக் கட்டிய ஒரு திண்டில். ஊசியின் தடிமன் சுமார் 0.25 மில்லிமீட்டர், அவசரப்பட்டு அழுத்தினால் வளைந்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இப்படியும் அப்படியும் உருட்டியபடி சீராக இறக்க வேண்டும். தாள் துளைபடும் நெறுநெறுப்பு காதுக்கு எட்டாது, விரல்நுனிக்குத்தான் தெரியும். அடுத்து நூல் சுற்றிய பஞ்சுருண்டை, அதன்பின் தன் சொந்தக் கால். முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி, வெளிப்புறத் தசையில் ஊசியைச் சுழற்றினால் தசை அதை மெல்லக் கவ்வுகிறது. உள்ளே மந்தமான ஒரு கனம் பரவுகிறது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே என்பதால் இந்தப் பாடம் அழகானது.

இவ்வளவு பயிற்சி வீண் என்று வாதிடலாம். 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் முதுகுவலி குறைந்தோர் முறையான ஊசியில் 47.6 விழுக்காடு, அக்குபஞ்சர் புள்ளிகளுக்கு வெளியே குத்திய போலி ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. சரியான புள்ளி எது என்ற கோட்பாட்டை இது அசைக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கையின் தேர்ச்சியை அசைக்கவில்லை. தோள்மேட்டிலும் மார்பிலும் ஊசி சற்று ஆழமாகப் போனால் நுரையீரல் துளைபடும். அங்கே நோயாளியைக் காப்பது, எங்கே நிறுத்துவதென்று தாளிலும் பஞ்சிலும் பழகிய அந்த விரல்களே.